வெறும்பொழுதுக்கு எடுத்த கொடை

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தென்காசி போகிற இரண்டு மணி பஸ் கருங்காப்பேரியின் ஊர் முகப்பு வளைவைத் தாண்டுவதற்கும் கடிகார முள் இரண்டைத் தாண்டுவதற்கும் நடுவில், எந்தக் கடிகாரத்திலும் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத ஒரு பொழுது ஊருக்குள் நுழைந்து, வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருவதுபோல உட்கார்ந்துகொண்டது. வெயில் நின்ற இடத்தில் நின்றது. சுவர்களின் நிழல் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. கீழத்தெருக் கல்யாண வீட்டில் பாடிக்கொண்டிருந்த குழாய் ரேடியோ பாட்டின் நடுவில் வாயை மூடிக்கொண்டது. டீக்கடை டிவியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் சண்டையோடு மறைந்துபோனார்கள். ஊரில் இருந்த அத்தனை செல்போன்களும் பார்த்தவர்களுக்கு அவரவர் மூஞ்சியை மட்டும் காட்டின.

கல்யாண வீட்டு மொட்டை மாடியில் ஒயர் சுருளோடு நின்றிருந்த உலகம்மாள், ஃபியூஸ் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அவளும் அவள் புருஷன் சிவனணைந்தானும் சேர்ந்து நடத்துகிற மைக் செட்டுக்கு அந்தப் பக்கத்தில் நல்ல பெயர். சிவனணைந்தான் குழாயைக் கட்டினால் அடுத்த ஊர் நாய் எழுந்து குலைக்கும் என்பார்கள். அதை அவன் பாராட்டாகவே எடுத்துக்கொள்வான்.

"ஏங்க, என்ன பண்ணுனிய?" என்று அவள் மேலேயிருந்து கத்தினாள்.

"நான் ஒண்ணையும் தொடலட்டி!" என்று அவன் கீழேயிருந்து கத்தினான். கத்தி முடித்ததும் இருவருக்குமே வெட்கமாகப் போயிற்று. முணுமுணுத்திருந்தாலே கேட்டிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பாட்டுக்கு மேலே கத்தித்தான் பேசிப் பழகியவர்கள். கத்தாமல் பேசினால் தன் புருஷன் குரல் எப்படியிருக்கும் என்று உலகம்மாளுக்குச் சத்தியமாகத் தெரியாது.

கருங்காப்பேரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காலியாக எதையும் விட்டுவைக்காத ஊர் அது. காலியாகக் கிடக்கும் சுவரில் விளம்பரம் எழுதுவார்கள், காலியாகக் கிடக்கும் சந்தில் சீரியல் பல்பு செட்டைத் தொங்கவிடுவார்கள், காலியாகக் கிடக்கும் காதில் ஏதாவது ஒன்றைச் செருகிக்கொள்வார்கள். தெருவுக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு கொடைத் திருவிழா, கொடைக்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு சண்டை. சவரக் கடையில் டிவி, பஸ்ஸில் டிவி, சாப்பிடுகிற பிள்ளைக்கு முன்னால் போன், தூங்குகிற பிள்ளைக்குத் தலைமாட்டில் போன். யாராவது வீடு தேடிவந்து, "சும்மாதான் வந்தேன்" என்று சொன்னால், ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, மிச்சத்தையும் சொல்லட்டும் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சும்மா வருகிற ஆள் அந்த ஊரில் பிறக்கவில்லை.

அப்படிப்பட்ட ஊருக்குள்தான் அந்தப் பொழுது வந்து குந்தியது. அடுப்பு எரிந்தது, சோறு வேகவில்லை. தையற்காரர் மிஷினை மிதித்து மிதித்துத் தைத்தார், எடுத்துப் பார்த்தால் தையல் இல்லை. ஆலமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையில் இருந்த சீட்டுகள் இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிட்டன. சரி, தூங்கியாவது தொலைப்போம் என்று படுத்தவர்களுக்குத் தூக்கம் வாசல்வரை வந்து நின்றதே ஒழிய உள்ளே வரவில்லை. வளைவுக்குக் கீழே நின்றுபோன பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் பயணிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரம் என்றார்கள் சிலர், ஒரு யுகம் என்றார்கள் பிள்ளைகள். பிறகு, விட்ட சொல்லிலிருந்தே பாட்டு தொடர்ந்தது, பஸ் கியர் மாறியது, கடிகாரம் இரண்டைத் தாண்டியது. பஸ் அடுத்த நிறுத்தத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது. வெளியூரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாளும் அதே வேளைக்கு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஊர் அதற்கு 'வெறும்பொழுது' என்று பெயர் வைத்தது.

முதலில் ஊர் கோபப்பட்டது. கரண்டைத் திட்டினார்கள், டவரைத் திட்டினார்கள், சோழப்பேரிக்காரன் செய்வினை வைத்துவிட்டான் என்றார்கள். சோழப்பேரி பக்கத்து ஊர். கருங்காப்பேரியில் மழை பெய்யாவிட்டாலும் அவர்கள்தான் காரணம். பிள்ளைகள், "போரடிக்குது, போரடிக்குது" என்று தரையில் புரண்டு அழுதன. பெரியவர்கள் அழவில்லையே தவிர அவர்கள் பாடும் அதுதான். வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார்கள். வாசலில் நின்று கருப்பான போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள்.

அப்புறம் திட்டுவதும் சலித்துப்போயிற்று. மேலத்தெருவில் ஒரு சுவருக்காகப் பல வருஷமாகப் பேசாத அண்ணனும் தம்பியும், வேறு வேலை இல்லாத கொடுமையில் வெறும்பொழுதில் அந்தச் சண்டையைத் திரும்ப எடுத்தார்கள்; முதல் நாள் சுவரைப் பற்றி, அடுத்த நாள் சுவருக்கு முந்திய வேலியைப் பற்றி, அதற்கடுத்த நாள் வேலிக்கு முந்திய அத்தையின் கல்யாணத்தைப் பற்றி என்று போட்டுப் போட்டு, ஒருநாள் சண்டைக்குள் போட ஒன்றுமே மிச்சமில்லாமல் அண்ணன் தம்பியைப் பார்த்து, "சரி, சாப்ட்டியாலே?" என்று கேட்டுவிட்டான். தையற்காரர் தைக்காமல் உட்கார்ந்தே, துணியில்லாமல் கத்தரியில்லாமல், ஒரு சட்டையை மனசுக்குள் வெட்டித் தைத்துப் பொத்தானும் வைத்தார், பொழுது போனபின் அதை நிஜமாகவே தைத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தபோது, "அண்ணாச்சி, எந்தூர்ல எடுத்தது?" என்று கேட்காத ஆள் இல்லை. ரீசார்ஜ் கடைப் பெண் தன் கடைக்கு நேர் எதிரே ஒரு மலை இருப்பதைக் கண்டுபிடித்தாள். மலை அங்கே இருந்ததுதான். பார்க்கத்தான் ஆளில்லை.

இப்படியாகக் கோபம் கழிந்து, சலிப்பும் கழிந்து, சலிப்புக்கு அடியில் இருந்தது மேலே வரத் தொடங்கியதும், கருங்காப்பேரிக்காரர்களுக்குப் பெருமை பிடித்துக்கொண்டது. "ஒங்கூர்ல அம்மன் இருக்கும், அருவி இருக்கும், எங்கூர் மாதிரி ஒண்ணுமே இல்லாத பொழுது இருக்கா?" என்று சம்பந்தி வீடுகளில் போய்க் கேட்டார்கள். சோழப்பேரியிலிருந்து ஆட்கள் பகல் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து இரண்டு மணிக்கு வளைவுக்குள் நின்று, கொட்டாவி விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சில்லாமல் திரும்பிப் போனார்கள். அவர்களுக்கு உட்காரப் பாய் போட்டுக் கொடுத்ததும் கருங்காப்பேரிதான். தாராளத்துக்குக் குறைச்சலில்லாத ஊர்.

உலகம்மாளுக்கு நடந்தது வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்குக் கோமு என்று ஒரு தங்கச்சி இருந்தாள். உலகம்மாள் கல்யாணமாகி வந்த புதிதில், வடக்கத்தியம்மன் கோயில் கொடையன்று மத்தியானம், கோமு அம்மா ஊரிலிருந்து ஒற்றையாகப் பஸ் ஏறி வந்தாள். உலகம்மாள் குழாய்க்கு அடியில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவுக்கு எதிர்ப் பக்கம் நின்று கோமு என்னவோ சொன்னாள். பாட்டில் ஒன்றும் கேட்கவில்லை. உலகம்மாள் ஒரு கையைக் காதில் குவித்து, என்ன என்று கேட்டாள். கோமு திரும்பவும் சொன்னாள். பாட்டு இன்னும் ஓங்கியது. ஒயரை விடவும் முடியாமல், பொறவு பேசுவோம் என்று உலகம்மாள் கையைக் காட்டினாள். கோமு சிரித்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அந்த ஐப்பசியிலேயே மஞ்சள் காமாலையில் செத்தும் போனாள்.

அவள் என்ன சொன்னாள்? அன்றைக்கே உடம்புக்கு முடியாமல் இருந்ததா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றாளா, வீட்டில் யாரும் அடித்தார்களா, யாரையாவது பிடித்திருக்கிறது என்றாளா? இந்தக் கேள்வி உலகம்மாளின் விலாவுக்குள் ஒரு முள்ளாக இருந்தது. ஆனால் மைக் செட்டுக்காரியின் வாழ்க்கையில் ஒரு முள்ளை உட்கார்ந்து எடுக்கிற அளவுக்கு நேரம் ஏது? கொஞ்சநஞ்சம் கிடைத்த நேரத்தையும் அவள் போனில் யாரோ சமைப்பதையும் யாரோ ஆடுவதையும் பார்த்தே தள்ளிவிட்டாள். முள் குத்தாமலிருக்க அதுதான் தோது. தங்கச்சியின் போட்டோ வீட்டில் இருந்தது. குரல் எங்கும் இல்லை. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டது என்று ஒருநாள் தெரிந்தபோது அவள் ரொம்பப் பயந்து, உடனே போனை எடுத்துக்கொண்டாள்.

வெறும்பொழுதில் எடுத்துக்கொள்ளப் போன் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள், உட்கார்ந்திருந்தாள், எதிர்வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடங்களை எல்லாம் மனப்பாடம் செய்தாள், அதுவும் தீர்ந்தபிறகு, காரை பெயர்ந்த இடத்திலிருந்து கிளிப்பச்சை நிறம் ஒன்று வந்தது. அது கோமு அன்றைக்குப் போட்டிருந்த தாவணி. மறுநாள் அவள் செருப்பு வார் வந்தது. அறுந்த வாரை ஊக்குப் போட்டு மாட்டியிருந்தாள். இன்னொரு நாள் வாட்ச் பட்டைக்குள் செருகியிருந்த பஸ் டிக்கெட் வந்தது. ஒவ்வொரு நாளும் பாட்டு, யாரோ குமிழைத் திருகிக் குறைப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது. கோமுவின் உதடு அசைவது தெரிந்தது. இன்னும் சில நாள், இன்னும் கொஞ்சம் குறைந்தால் போதும், கேட்டுவிடும். இரண்டு மணி எப்போது ஆகும் என்று உலகம்மாள் காலையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஆவுடையப்பன் அண்ணாச்சி கூட்டம் போட்டார். ஊரில் இருந்த எல்லாக் கமிட்டிக்கும் தலைவர் அவர்தான். கமிட்டி இல்லாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

"வந்திருக்கது சாமி," என்றார் அண்ணாச்சி. "பேரு தெரியாது, ரூவம் தெரியாது. அதனால என்ன? தெரியாத சாமிக்கும் பீடம் போடுத ஊருய்யா இது. தேடி வந்த சாமிக்கு ஒரு கொடை குடுக்காம இருந்தா நாளைக்கு நம்மள ஒருத்தன் மதிப்பானா?"

கூட்டம் கைதட்டியது. பெண்கள் பக்கத்திலிருந்து உலகம்மாள் எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அது ஒண்ணும் கேக்கலியே. கேக்காத சாமிக்கு எதுக்குக் கொடை? வந்தமா, உக்காந்தமான்னு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

"கேட்டுக் குடுத்தா அது என்ன குடுப்பும்மா? நாமளாக் குடுக்கணும். சோழப்பேரிக்காரன் என்ன சொல்லுவான்? வந்த சாமியக் கவனிக்கத் துப்பில்லன்னு சொல்லுவான். ஏன், ஒம் புருசனே மைக் செட்டு எடுத்துக்கட்டும். நம்மூரு இதுவரைக்கும் கேக்காத சத்தம் கேக்கணும்."

சிவனணைந்தான் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்தியபடி நின்றான். உலகம்மாள் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவனிடம் என்னவென்று சொல்வாள்? சொல்லிப் பழக்கமில்லாத பேச்சு அது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் சுண்ணாம்பு அடித்துப் பீடம் எழுப்பினார்கள். கால்நாட்டினார்கள், காப்புக் கட்டினார்கள். கொடையன்று விடிந்ததிலிருந்து ஊர் அதிர்ந்தது. கம்பத்துக்குக் கம்பம் குழாய், முக்குக்கு முக்கு மாடி உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ், நையாண்டி மேளம் இரண்டு செட், வில்லுப்பாட்டு, அதிர்வேட்டு. வெறும்பொழுதில் மைக் செட்டு வேலை செய்யாது என்பதைக் கமிட்டி முன்கூட்டியே யோசித்து, அதற்கு வேண்டிய ஏற்பாட்டையும் செய்து வைத்திருந்தது. இரண்டு மணிக்கு வெயில் நின்றதும், குழாய்கள் வாயை மூடியதும், மேளக்காரர்கள் கம்பை ஓங்கினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், பிள்ளைகள் தட்டையும் தகரத்தையும் போட்டு அடித்தன. சாமி வந்திருக்கிறபோது சத்தம் இல்லாமல் போனால் மரியாதை ஆகாது அல்லவா?

கோமரத்தாடி பேச்சிமுத்துவின் மேல் சாமி இறங்கியது. எல்லாச் சாமிக்கும் ஆடுகிற மனிதர் அவர்; துள்ளுவார், அரிவாளைக் கேட்பார், தீயில் இறங்குவார் என்று ஊர் எதிர்பார்த்து நின்றது. அவர் மெதுவாக நடந்துவந்து பீடத்துக்கு முன்னால் நின்று ஒரு கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவி நீண்டு நீண்டு, மேளக்காரரின் கம்பு அந்தரத்தில் நின்று, குலவைக்குத் திறந்த வாய்களெல்லாம் கொட்டாவிக்குத் திறந்து, பொட்டல் முழுக்கப் பரவி முடிந்தது.

ஆவுடையப்பன் அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டி, கும்பிட்டார். "சாமி, கொடை மனசுக்கு நெறைவுதானா? குத்தங்குறை இருந்தாச் சொல்லணும்."

கோமரத்தாடி சுற்றும் முற்றும் பார்த்தார். மேளம், தட்டு, தகரம், பந்தல், படையல், கூட்டம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எனக்கு உக்கார எடமில்லையே," என்று பாவமாகச் சொல்லிவிட்டுக் கீழே சாய்ந்தார்.

அந்த நிமிஷமே நிழல் நகர்ந்தது. குழாய்கள் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து அலறின. கடிகாரம் இரண்டைத் தாண்டி ஓடியது. மறுநாள் வெறும்பொழுது வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்று சொல்லிக்கொண்டே பஸ் கண்டக்டர் விசில் அடித்தார். அவருக்கும் அந்தப் பொழுது பழகிப்போயிருந்தது.

ஊர் முதலில் காட்டிக்கொள்ளவில்லை. போய்த் தொலைந்தது சனியன் என்று போனைக் கையில் எடுத்தார்கள். எடுத்த போனை வைக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் உருட்டிக்கொண்டே இருந்தார்கள். தையற்காரர் மனசில் பாதி வெட்டிய சட்டை பாதியிலேயே நின்றது. அண்ணன் தம்பி மறுபடியும் சுவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். சோழப்பேரிக்காரர்கள் வளைவுவரை வந்து எட்டிப் பார்த்து, "என்ன வே, ஒங்க சாமி கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதுதான் ஊருக்குச் சுருக்கென்று தைத்தது.

உலகம்மாளுக்குள் அந்த மத்தியானத்துப் பாட்டு பழையபடி ஓங்கிவிட்டது. கோமுவின் உதட்டை மறைத்துக்கொண்டு குழாய் நின்றது. இத்தனை கிட்டத்தில் வந்து கைநழுவிப் போனதே என்று அவளுக்கு ஆற்றாமை பொறுக்கவில்லை. ஒருநாள் இரண்டு மணிக்குப் போனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போய்ப் பீடத்துக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தாள். தானாக வந்த பொழுதில் உட்காருவது வேறு, தானே உண்டாக்கிய பொழுதில் உட்காருவது வேறு. கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது, கை தானாக இடுப்பில் போனைத் தேடியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாளும் போய் உட்கார்ந்தாள்.

"என்ன மதினி, இங்கன இருக்கிய?" என்று போகிற வருகிறவர்கள் கேட்டார்கள்.

"வரவழைக்கப் பாக்கேன்," என்றாள்.

அது போதாதா? ஒருத்தி தனியாகச் செய்கிறாளே, நாமும் செய்யாவிட்டால் எப்படி என்று ஊர் திரண்டுவிட்டது. மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு ஒரு பக்கம். எந்தத் தெருக்காரன் அதிக நேரம் ஒன்றும் செய்யாமல் இருக்கிறான் என்று போட்டி. அண்ணாச்சி வரவேற்புக் கமிட்டி ஒன்று அமைத்து, தானே முன்வரிசையில் உட்கார்ந்து, யார் அசைகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அந்தா, அவன் காலச் சொறிஞ்சிட்டான்!" என்று கீழத்தெரு கத்தியது. "ஈ கடிச்சா சொறியக் கூடாதா?" என்று மேலத்தெரு கத்தியது. வெறும்பொழுது எப்படி வரும்? எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சிவனணைந்தான் இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கொடைக்குப் பிறகு அவன் எந்த வேலைக்கும் குழாயை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒருநாள் கூட்டம் கலைந்தபின்னும் உலகம்மாள் எழுந்திருக்காமல் இருப்பதைப் பார்த்து, வந்து பக்கத்தில் குத்தவைத்தான்.

"உலகு, ஊருக்குப் பெருமை போச்சேன்னு இவங்க உக்காந்திருக்காங்க. நீ எதுக்கு உக்காந்திருக்க?"

அவன் கத்தாமல் கேட்டான். அந்தக் குரல் மெலிசாக, கொஞ்சம் கரகரப்பாக, நல்ல குரலாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிளிப்பச்சைத் தாவணியை, ஊக்கு மாட்டிய செருப்பை, எதிர்ப் பக்கத்தை, உதட்டை. "அவ என்னமோ சொன்னா. நான் என்னன்னு இப்பிடிக் கேட்டேன்," என்று கையைக் காதில் குவித்துக் காட்டினாள்.

சிவனணைந்தான் அந்தக் கையையே பார்த்தான். மைக் செட்டுக்காரர்களுக்குத் தூரத்திலிருந்து பேசக் கைதான் பாஷை. உள்ளங்கையைத் தாழ்த்தினால் சத்தத்தைக் குறை, விரலைச் சுழற்றினால் பாட்டை மாற்று, காதில் கையைக் குவித்தால், இந்தப் பக்கம் கேட்கவில்லை, கூட்டு.

"நீ எனக்குக் காட்டுதன்னு நெனச்சேன், உலகு," என்றான். "நான்தான் கூட்டுனேன்."

உலகம்மாள் அவனைத் திட்டவில்லை. அவனும் மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலையில் ஊர் பார்த்தபோது சிவனணைந்தான் ஏணியோடு கம்பத்தில் நின்றான். குடோனில் இருந்த அத்தனை குழாயையும் எடுத்துவந்து, வளைவிலிருந்து பொட்டல்வரை, மேலத்தெரு கீழத்தெரு சந்து பொந்து விடாமல் கட்டினான். அவன் ஆயுசில் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியதில்லை. ஒரு ஒயர் தொய்யவில்லை, ஒரு குழாய் கோணவில்லை. "மறுபடியும் கொடையா?" என்று அண்ணாச்சி கேட்டார். அவன் ஏணியிலிருந்து இறங்கினான். பீடத்துக்கு முன்னால் தன்னிடமிருந்த நல்ல மைக்கை நிறுத்தி, ஒரு முழம் மல்லிகைப் பூவைச் சுற்றி, இரண்டு மணிக்குச் சற்று முன்னால் ஆம்ப்ளிபயரைப் போட்டுவிட்டு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

மைக்கைப் பார்த்த ஊர் வழக்கப்படி பேச்சை நிறுத்திக் காத்திருந்தது. ஹலோ சொல்வான் என்று காத்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவான், பாட்டுப் போடுவான், அண்ணாச்சியைப் பேசக் கூப்பிடுவான் என்று காத்திருந்தது. அவன் ஒன்றும் செய்யவில்லை. ஊரில் இருந்த அத்தனை குழாய்களிலும் பொட்டலின் ஒன்றுமில்லாத சத்தம் போய்க்கொண்டிருந்தது: ஒரு காக்கா இறக்கை உதறியது, பூவரச இலை ஒன்று விழுந்தது, யாரோ மூச்சு விட்டார்கள். போட்டி போட வந்தவர்களுக்குப் போட்டி மறந்தது, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று கேட்பதிலேயே எல்லாரும் இருந்தார்கள். அடுத்து ஒன்றும் வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. கேட்டுக் கேட்டு, காத்துக் காத்து, கடைசியில் ஊர் மொத்தமும் யாரும் சொல்லாமலே உண்மையாகச் சலித்துப்போயிற்று. முன்வரிசையில் ஆவுடையப்பன் அண்ணாச்சி, கமிட்டி, வரவேற்பு, சோழப்பேரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வாய் கிழியக் கொட்டாவி விட்டார்.

ஆம்ப்ளிபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. இலைகளின் நிழல் நின்றது. வளைவுக்குக் கீழே பஸ் நின்றுபோய், கண்டக்டர் படியில் இறங்கி, சிரித்துக்கொண்டே துண்டை விரித்து உட்கார்ந்தார். வெறும்பொழுது வந்திருந்தது. யாரும் குலவையிடவில்லை, கைதட்டவில்லை. கருங்காப்பேரி தலையை நிமிர்த்திக்கொண்டு கம்மென்று இருந்தது. அந்த ஊருக்கு அதைவிடப் பெரிய மரியாதை செய்யத் தெரியாது.

உலகம்மாள் மாடிப்படிக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தாள். கிளிப்பச்சை வந்தது, ஊக்கு வந்தது, டிக்கெட் வந்தது. பாட்டு குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றது. தெருவுக்கு எதிர்ப் பக்கம் வெயிலில் கோமு நின்று, நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, மூக்கால் பேசுகிற தன் பழைய குரலில் அன்றைக்குச் சொன்னதைச் சொன்னாள்.

உலகம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சிவனணைந்தான் பதறி நகர்ந்து வந்தான்.

"கேட்டுச்சா? என்ன சொன்னா?"

"'சும்மாதாங்க்கா வந்தேன். செத்த நேரம் ஒங்கூட இருந்துட்டுப் போலாம்னு'ங்கா."

கருங்காப்பேரியில் பிறந்து வளர்ந்தவன் அல்லவா? அவன் மிச்சத்துக்குக் காத்திருந்தான். அவள் மேலே ஒன்றும் சொல்லாததைப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதான்," என்றாள் உலகம்மாள். முந்தானையால் மூஞ்சியை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தங்கச்சிக்கு ஊர் கூடிப் பரிவட்டம் கட்டிவிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந் தங்கச்சி எங்கிட்ட ஒண்ணும் கேக்க வரல. என்னப் பாக்க வந்திருக்கா."

வெறும்பொழுது இன்னும் பாக்கியிருந்தது. சிவனணைந்தான் கொஞ்சம் நகர்ந்து, தனக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தான்.